முன்வரிசையில் மாமா

பிப்ரவரி 4, வியாழன்

இன்று டைரி எழுத ஆரம்பிக்கத் தனிக் காரணம் எதுவும் இல்லை. செண்பகத்திடமிருந்து கடிதம் வந்தது, அவ்வளவுதான்.

டைரியும் அவள் அனுப்பியதுதான். உரக் கம்பெனி தன் வியாபாரிகளுக்கு வருஷா வருஷம் இலவசமாகக் கொடுப்பது. அட்டையில் நெற்கதிர், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விவசாயிக்கு ஒரு யோசனை. உசிலம்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் வீரணன் மாமாவுக்கு வந்த டைரிகளில் ஒன்றை, அவர் மகள் அவருக்குத் தெரியாமல் எடுத்து எனக்குத் தபாலில் போட்டுவிட்டாள். மாமா என்றால் என் அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன். செண்பகம் எனக்கு முறைப்பெண். பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது.

நான் தவசி. பட்டாளத்தில் எட்டு வருஷம், அதில் கமாண்டோ படையில் மூன்று வருஷம். எங்கள் முகாம் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறோம் என்று எழுதக் கூடாது. எழுதலாம் என்றால் இவ்வளவுதான் எழுத முடியும்: கறுப்பு உடுப்பு, ஏணி, கயிறு, ராஜ்மா. வாரத்தில் நாலு நாள் ராஜ்மாதான் சாப்பாடு.

பேச்சு நின்று ஏழு வருஷம் ஆகிறது. என் தங்கச்சி சடங்குக்கு மாமா சீர் கொண்டுவந்தார். தாய்மாமன் சீர் என்றால் சும்மா இல்லை. மேளம், வெடி, முப்பது தாம்பாளம், ஒரு கிடா, எல்லாம் டிராக்டரில். வழியில் டிராக்டர் பஞ்சர். நல்ல நேரம் போகிறது என்று பெரியவர்கள் அவசரப்பட்டு, சின்ன மாமன் சீரை முதலில் இறக்கிவிட்டார்கள். ஊர் எல்லையில் மாமாவுக்குச் செய்தி போனது. டிராக்டரை அப்படியே திருப்பிவிட்டார், கிடா உள்பட. அன்றைக்கு லீவில் வந்து, சீரை வரவேற்கப் பந்தல் வாசலில் நின்றவன் நான். அதனால் நான் அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். கேட்கும் வரை அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் உறவே இல்லையாம்.

பஞ்சர் ஆனது டிராக்டர். காலில் விழ வேண்டியது நான். இதில் என்ன நியாயம் இருக்கிறது? விழவில்லை. விழவும் மாட்டேன்.

கடிதத்தில் செய்தி இதுதான். மூன்று தாலுகாவிலேயே அதிகமாக உரம் விற்றதற்கு மாமாவுக்கு முதல் பரிசு. கம்பெனி செலவில் வியாபாரிகளையும் குடும்பத்தையும் விமானத்தில் டெல்லிக்குக் கூட்டி வருகிறார்கள். "முதல் பரிசுங்கிறதால அப்பாவுக்கு முதல் வரிசை சீட்டாம், ஊர் பூரா சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமை தாஜ்மகால் போறோம். பச்சைச் சேலை கட்டியிருப்பேன். அப்பா கூட இருப்பாங்க, பேச முடியாது. தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிருங்க மச்சான்."

அவளைக் கடைசியாகப் பார்த்தது இரண்டு வருஷத்துக்கு முன் மாரியம்மன் திருவிழாவில், கூட்டத்துக்கு அந்தப் பக்கம். நான் கமாண்டோ படையில் சேர்ந்தபோது என் போட்டோவை என் அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டு வாங்கிப் போனவளும் அவள்தான். நான் ஒன்றும் ஏங்கிப் போய்விடவில்லை.

அடியில் போட்டிருக்கும் யோசனை: யூரியாவை வேப்பம் புண்ணாக்குடன் கலந்து இடவும்.

பிப்ரவரி 7, ஞாயிறு

லீவு கிடைத்துவிட்டது! பதினான்காம் தேதி ஒரு நாள். "எதற்கு?" என்றார் மேஜர் பாட்டியா. "தாஜ்மகால் பார்க்க, சார்" என்றேன். மூன்று வருஷமாகப் பக்கத்திலேயே இருந்துகொண்டு இப்போது என்ன திடீர் ஆசை என்று கேட்டார். கட்டடக் கலையில் ஆர்வம் வந்துவிட்டது என்று சொன்னேன். மேஜர் என்னை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

என் கூட்டாளி பிஷ்ட் கடுவால் மலைக்காரன். ஏணியில் நான் முதலில் ஏறினால் அவன் இரண்டாவது, அவன் முதலில் ஏறினால் நான் இரண்டாவது. தன்னுடைய வான நீலச் சட்டையை எடுத்துக்கொடுத்தான். போட்டுப் பார்த்தேன். தோளில் பிடிக்கிறது. "மூச்சு விடாம இருந்தா நல்லா இருக்கு" என்றான். ஒரு நாள்தானே, விடாமல் இருக்கலாம்.

துணி துவைத்தேன். பூட்ஸ் பாலிஷ் போட்டேன். தாஜ்மகாலுக்கு பூட்ஸ் எதற்கு என்று பிறகுதான் தோன்றியது.

பிப்ரவரி 10, புதன்

தூக்கம் வரவில்லை. ராஜ்மா.

பிப்ரவரி 11, வியாழன்

லீவு ரத்து.

ஒரு விமானத்தைக் கடத்திவிட்டார்கள். சென்னையிலிருந்து டெல்லிக்கு வந்த விமானம். துப்பாக்கியோடு மூன்று பேர். எண்ணெய் தீர்ந்து வழியில் ஒரு விமான நிலையத்தில் இறங்கி நிற்கிறது. நாங்கள் கிளம்புகிறோம்.

பூட்ஸ் கயிற்றைக் கட்டக் கை வரவில்லை. குளிர் அதிகம்.

பிப்ரவரி 12, வெள்ளி

ஊர் பெயர் எழுதமாட்டேன். பெரிய ஓடுபாதை, சுற்றிக் கடுகு வயல், மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. ஓடுபாதையின் கடைசியில் அந்த விமானம் தனியாக நிற்கிறது. இந்தக் கோடியில் ஒரு கொட்டகைக்குள் அதே மாதிரிப் பழைய விமானம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், எங்கள் ஒத்திகைக்கு.

சிறையில் இருக்கும் தங்கள் ஆளை விட வேண்டும் என்பது கடத்தியவர்கள் கேட்பது. அதிகாரிகள் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

காலையில் மேஜர் எங்களை வரிசையில் நிறுத்திப் பயணிகள் பெயரை வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, "இதில் யாருக்காவது சொந்தக்காரர் உண்டா? இருந்தால் இப்போதே சொல்லிவிட்டு விலகிக்கொள்ளுங்கள். தப்பில்லை. சொந்தக்காரர் உள்ளே இருந்தால் கை சரியாக வேலை செய்யாது" என்றார்.

வீரணன், ஆண். செண்பகம், பெண். நான் கேட்டேன். இரண்டு பெயரும் காதில் விழுந்தது.

நான் நியாயமாகத்தான் யோசித்தேன். செண்பகத்துக்கும் எனக்கும் கல்யாணம் ஆகவில்லை, நிச்சயம்கூட ஆகவில்லை. மாமாவோ ஏழு வருஷமாக உசிலம்பட்டிச் சந்தையில், பஸ் ஸ்டாண்டில், கல்யாண வீட்டில் எல்லாம் "அவன் எனக்கு உறவே இல்லை" என்று சொல்லி வந்திருக்கிறார். பெரியவர் வாக்கு. மதிக்க வேண்டும்.

"யாரும் இல்லை, சார்" என்றேன்.

பிஷ்ட் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்குச் செண்பகத்தின் பெயர் தெரியும். நீலச் சட்டை யாருக்காக என்றும் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. மலைக்காரன் தங்கமானவன்.

அதற்குப் பிறகு மேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டபோது கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் தமிழ்க்காரர்கள், பாதிப் பேருக்கு மேல் முதல் தடவை விமானம் ஏறியவர்கள். இந்தியில் கத்தினால் புரியாது. படையில் இருக்கும் ஒரே தமிழன் நான். முன் கதவு வழியாக நானும் பிஷ்டும் முதலில் நுழைய வேண்டும். நுழைந்த நொடியில் நான் ஒரே ஒரு கத்து கத்த வேண்டும். அத்தனை தலையும் கீழே போய்விட வேண்டும். நிற்கிற தலை எல்லாம் கடத்தல்காரன் தலை. அதுதான் திட்டம்.

"என்ன கத்துவாய்?"

"படுங்க என்று கத்துவேன், சார். ஆனால் படுக்க மாட்டார்கள்."

"ஏன்?"

"கதவு திறந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் எழுந்து மேலே இருக்கிற பையை எடுப்பார்கள், சார். பஸ்ஸிலும் அப்படித்தான். இந்தப் பையில் கம்பெனி கொடுத்த ஸ்வெட்டர் வேறு இருக்கும்."

மேஜர் சிரிக்கவில்லை. அப்படியானால் அதற்கும் சேர்த்துக் கத்து என்றார். கடைசியில் முடிவான வாசகம்: "பைய விடுங்க! படுங்க!"

நாள் முழுக்க ஒத்திகை. மீதிப் படையினர் எல்லாரும் உர வியாபாரிகளாக உட்கார்ந்தார்கள். நான் ஏணி ஏறி, கதவைத் தள்ளி, கத்தி, கத்தி, சாயங்காலம் தொண்டை கட்டிவிட்டது. பஞ்சாபிகளும் ஜம்மு டோக்ராக்களும் "பைய விதுங்க, பதுங்க" என்று சொல்லிக்கொண்டே சாப்பாட்டு வரிசையில் நின்றார்கள். சப்பாத்தி போடுகிறவன்கூடக் கற்றுக்கொண்டான். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சிரித்துவிட்டு ஒரு ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

பிப்ரவரி 13, சனி

உடம்பு சரியில்லாத ஒரு அம்மாவைக் கடத்தல்காரர்கள் இறக்கி விட்டார்கள். சோழவந்தானில் உரக்கடை வைத்திருப்பவரின் சம்சாரம், காமாட்சியம்மா. சர்க்கரை வியாதி. உள்ளே யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டுச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் படுத்திருந்தவர் தமிழைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"பின்னாடி ஒருத்தன், நடுவுல ஒருத்தன், முன்னாடி ஒருத்தன்யா. முன்னாடி நிக்கிறவன்தான் மோசமானவன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அவங்க ஆள விடலன்னா ஒவ்வொருத்தரா சுடுவானாம். மொத வரிசையில இருந்து ஆரம்பிப்பானாம்."

எழுதிக்கொண்டேன். பென்சில் முனை உடைந்தது. வேறு பென்சில் வாங்கிக்கொண்டேன்.

"மொத வரிசையில யாரு இருக்காங்கம்மா?"

"உசிலம்பட்டிக்காரரு. பெரிய மீச. எல்லாரையும் தலையக் குனிஞ்சு உக்காருங்கன்னு சொன்னானுங்க. நாங்க எல்லாம் குனிஞ்சுட்டோம். அந்த மனுசன் குனியவே மாட்டேனுட்டாரு. கன்னத்துல அறைஞ்சான். 'எங்கப்பனுக்கே குனியல, ஒனக்கா குனிவேன்'னு தமிழ்லயே கேட்டாரு. அவனுக்குப் புரியாததுனால பொழச்சாரு."

அவர்தான். வேறு யாராக இருக்க முடியும்.

"அது மட்டுமா? மூணு நாளா அவனப் பாத்து வஞ்சுக்கிட்டே இருக்காரு. 'எங்க வீட்டுப் பய ஒருத்தன் இருக்கான்டா, வருவான்டா, அன்னைக்குத் தெரியும்டா ஒங்களுக்கு'ன்னு."

யாரைச் சொன்னாரோ. மாமாவின் மச்சினன் ஒருவன் மதுரையில் போலீஸில் இருக்கிறான். அவனைச் சொல்லியிருப்பார்.

கடைசியாக, சும்மா, விசாரணைக்கு வேண்டும் என்பதற்காக, பெண்கள் எல்லாரும் பயந்து அழுகிறார்களா என்று கேட்டேன்.

"அழுகாம? ஆனா அவரு மக ஒண்ணு இருக்கு, பச்சச் சேல. சொட்டுக் கண்ணீர் விடல. அந்தத் துப்பாக்கிக்காரன்கிட்டயே தண்ணி கேட்டு வாங்கி, வரிசை வரிசையா ஊத்துச்சு. எனக்கு மாத்திரை எடுத்துக் குடுத்ததும் அதுதான்." காமாட்சியம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஏன் தம்பி, ஒனக்கு எந்த ஊரு?"

"திருச்சிப் பக்கம்மா."

"பேச்சு எங்க பக்கத்துப் பேச்சா இருக்கு" என்றார். நான் வெளியே வந்துவிட்டேன்.

பச்சைச் சேலை! தாஜ்மகாலுக்குக் கட்டுவதாகச் சொன்னதை விமானத்துக்கே கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஒத்திகைக்குப் போகும்போது ஓடிக்கொண்டே போனேன். நடந்து போனாலே போதும், ஓடினேன். பிஷ்ட் பின்னால் மூச்சு வாங்க வந்தான்.

இப்போது எல்லாம் பனியின் கையில் இருக்கிறது. ஓடுபாதை வெட்டவெளி. பகலில் அந்த விமானத்துப் பக்கம் ஒரு காக்கா போனாலும் தெரியும். ராத்திரியில் அவர்கள் ஓடுபாதை விளக்கு அத்தனையும் எரிய விடச் சொல்லி, உஷாராகக் காவல் இருக்கிறார்கள். விடிந்த பிறகுதான் அசருகிறார்கள். விடியும்போது மூடுபனி இறங்கினால் வால் பக்கமாகப் போய்விடலாம். அங்கே பார்க்க அவர்களுக்குச் சன்னல் கிடையாது. பனி இருந்தால் எந்த விமானமும் எந்த வண்டியும் நகராது, நாம் மட்டும் நகருவோம் என்றார் மேஜர். அவர் கண் மினுமினுத்தது. இந்த ஆளுக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு. அதனால்தான் எங்களுக்கு அவரைப் பிடிக்கும்.

பனி வராவிட்டால்? அதை யாரும் கேட்கவில்லை. வெயில் பளீரென்று அடிக்கிறது. எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், மழைக்கு நிற்கிற சம்சாரிகள் மாதிரி.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

பக்கத்தின் அடியில்: அதிகாலைப் பனியில் மருந்து தெளிக்க வேண்டாம்.

பிப்ரவரி 14, ஞாயிறு

பனி! கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. கிளம்புகிறோம். தெளித்துவிட்டு வருகிறோம்.

அதே நாள், சாயங்காலம்

உயிரோடு இருக்கிறேன். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள்! இரண்டு தரம் எழுதலாம், தப்பில்லை. எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள்.

முதலிலிருந்து எழுதுகிறேன்.

விடிந்தும் விடியாமல் இருந்தது. ஏணிகளுக்குத் துணி சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு, முன்னால் போகிறவன் முதுகைப் பிடித்தபடி வரிசையாக நடந்தோம், பார்வையற்றவர்கள் கோயில் சுற்றுவது போல. ஒரு கட்டத்தில் மேஜரே வழி தவறிக் கடுகு வயலுக்குள் இறங்கிவிட்டார். பிஷ்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் முதுகு குலுங்குவது என் கைக்குத் தெரிந்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது. உலகத்தில் எந்தப் படையாவது இப்படிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போருக்குப் போயிருக்குமா தெரியாது. திடீரென்று தலைக்கு மேலே பெரிசாக, வெள்ளையாக வால் தெரிந்தது. சிரிப்பு நின்றது.

வயிற்றுக்கு அடியிலேயே குனிந்து முன் கதவுக்கு வந்தோம். ஏணி சாத்தினோம். நான் மேலே, பிஷ்ட் எனக்குப் பின்னால். மேஜர் ரேடியோவில் ஒரு வார்த்தை சொன்னார். பின்பக்கம் வெளிச்சக் குண்டு வெடித்தது, மூன்று கதவும் ஒரே நேரத்தில் திறந்தது.

"பைய விடுங்க! படுங்க!"

என் வாழ்நாளில் இவ்வளவு பேர் என் பேச்சைக் கேட்டதில்லை. மூன்று தாலுகா உர வியாபாரிகளும் பெண்டு பிள்ளைகளும் ஒரே நொடியில் சீட்டுக்கு அடியில் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் மேலே பைக்குக் கை நீட்டினார். அவர் சம்சாரம் வேட்டியைப் பிடித்து ஒரே இழுப்பு. பின்னால் நின்றவனையும் நடுவில் நின்றவனையும் பின் கதவுக்காரர்கள் அமுக்கிவிட்டார்கள்.

திட்டப்படி நிற்கிற தலை எல்லாம் கடத்தல்காரன் தலை. புகைக்குள் முன்னால் இரண்டு தலை நின்றது. அந்த இரண்டில் பின்னால் தெரிந்த தலை மூன்றாவது துப்பாக்கிக்காரன். அவனுக்கும் எங்களுக்கும் நடுவில், நடைபாதையை அடைத்துக்கொண்டு, மலை மாதிரி, மீசையோடு ஒரு தலை.

"மாமா, படுங்க!"

முகமூடி போட்டிருந்தேன். தலைக்கவசம் போட்டிருந்தேன். தொண்டை கட்டியிருந்தது. எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. மாமா என்று கூப்பிட்டது என் தப்புதான்.

"எவன்டா அது? தவசியா?"

"மாமா, படுங்க மாமா!"

"நீ சொல்லி நான் படுக்கணுமாடா?"

ஏழு வருஷத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு. அவருக்குப் பின்னால் துப்பாக்கி மேலே வருகிறது. பிஷ்ட் என் தோளுக்கு மேல் குறி வைத்தபடி, "சுட முடியல, சுட முடியல, ஆளு மறைக்கிறாரு" என்று கத்துகிறான். படுக்கச் சொன்னால் அவர் படுக்க மாட்டார். விடிய விடியச் சொன்னாலும் படுக்க மாட்டார். இது பிஷ்டுக்குத் தெரியாது, மேஜருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

பாய்ந்தேன். இரண்டு கையாலும் அவருடைய இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து இழுத்தேன். மாமா சரிந்து என் மேலேயே விழுந்தார். உர மூட்டை தேவலை. தலைக்கு மேல் பிஷ்ட் ஒரே ஒரு தடவை சுட்டான். துப்பாக்கிக்காரனுக்குத் தோளில் பட்டது, துப்பாக்கி சீட்டுக்கு அடியில் உருண்டது. முடிந்தது. டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

மாமாவின் எடைக்கு அடியிலிருந்து தலையைத் திருப்பினேன். முதல் வரிசை சீட்டுக்கு அடியில் பச்சைச் சேலை. இரண்டு கண். என் முகமூடியை ஒரு விரலால் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள்.

"தூரத்துல நின்னு பாத்துட்டுத்தான போகச் சொன்னேன்?" என்றாள்.

இரண்டு வருஷமாகப் பேச நினைத்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. "லீவு ரத்தாயிருச்சு" என்றேன்.

இதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. எல்லாரையும் இறக்கிப் பயணிகள் கூடத்தில் உட்காரவைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அழுகிறார்கள், சிரிக்கிறார்கள், பஞ்சாபிகளைக் கட்டிப்பிடிக்கிறார்கள். பஞ்சாபிகள் வேறு எதுவும் தெரியாததால் "பைய விதுங்க, பதுங்க" என்கிறார்கள். கூடமே சிரிக்கிறது. அதன் நடுவில் மாமா ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றார்.

"எல்லாரும் பாத்தீகல்ல? ஏழு வருசம் கழிச்சு என் மருமகன் என் கால்ல விழுந்துட்டான்யா! ரெண்டு காலையும் புடிச்சு விழுந்தான். நீங்கதான்யா சாட்சி! மன்னிச்சுட்டேன்!"

அத்தனை வியாபாரிகளும் கை தட்டினார்கள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் விழுகல. இழுத்தேன்!" என்று கத்தினேன். கை தட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. ஒருவருக்குக் கேட்டது. மேஜர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இவர் ஏன் உன்னைக் காட்டிக் காட்டிப் பேசுகிறார்? யார் இவர்? நீயே கேட்டுச் சொல்லு."

மொழிபெயர்ப்பாளன் நான்தானே. வேறு வழியில்லாமல் மாமாவிடம் கேட்டேன். "நீங்க எனக்கு என்ன வேணும்னு ஆபீசர் கேக்குறாரு."

மாமா நாற்காலியிலிருந்து இறங்கினார். மீசையை ஒதுக்கினார். மேஜரை ஏற இறங்கப் பார்த்தார். "இவன் என் மருமகன், என் மகளைக் கட்டிக்கப் போறவன்னு சொல்லு."

செண்பகம் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். இதை நான் என் வாயாலேயே இந்தியில் சொல்ல வேண்டும், யாரும் இல்லை என்று நேற்று முன்தினம் சொன்ன அதே வாயால்.

"சார்," என்றேன், "இவர் எனக்குச் சொந்தக்காரர் என்கிறார். இந்த நிமிஷத்திலிருந்துதான், சார். வெள்ளிக்கிழமை நீங்கள் கேட்டபோது இல்லை. வேண்டுமானால் உசிலம்பட்டிச் சந்தையில் விசாரித்துக்கொள்ளலாம்."

மேஜர் மாமாவைப் பார்த்தார். பச்சைச் சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கட்டடக் கலை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தண்டனை சாயங்காலம் வந்தது: ஒரு வாரம் சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்க வேண்டும். கூடவே இன்னொரு தாள்: அது முடிந்ததும் ஒரு மாத லீவு.

எல்லாம் சரி. ஆனாலும் சொல்கிறேன், நான் விழவில்லை. இழுத்தேன்.

பிப்ரவரி 15, திங்கள்

வியாபாரிகள் ஊர் திரும்ப மாட்டோம் என்றுவிட்டார்கள். பரிசு பரிசுதானாம். தாஜ்மகாலைப் பார்க்காமல் போனால் ஊரில் என்ன பதில் சொல்வதாம். காலையில் அவர்களுக்கு ஒரு பஸ் ஏற்பாடானது. மூட்டை ஏற்றிவிட எங்களைப் போகச் சொன்னார் மேஜர். நான் பிஷ்டின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அவன்தான் ஞாபகமாகப் பையில் கொண்டுவந்திருந்தான்.

மாமா அங்கேயும் ஒரு கும்பலை வைத்துக்கொண்டு நான் விழுந்த விதத்தைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் போய் மூட்டை அடுக்கினேன். செண்பகம் அங்கே வந்தாள்.

"என்ன கோவம் மச்சான்?"

"வீம்பு புடிச்சவரு. அவரு வீம்புக்கு உயிரே போயிருக்கும். நான் சொல்லிப் படுக்கிறதான்னு நிக்கிறாரு. அது வீம்பு இல்லாம என்ன?"

அவள் ஒரு மூட்டையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். பிறகு, "கதவு தெறந்தப்ப அப்பா மொத ஆளாப் படுத்தாங்க" என்றாள்.

"என்னது?"

"ஒங்க சத்தம் கேட்டதும் தொப்புனு படுத்துட்டாங்க. அப்பத்தான் அவன் துப்பாக்கிய என் பக்கம் திருப்புனான். அதைப் பாத்துட்டு எந்திரிச்சு அவனுக்கு முன்னாடி போயி நின்னாங்க. ஒங்ககிட்டப் பேசுனதெல்லாம் அப்புறந்தான்." முந்தானை நுனியைச் சுருட்டினாள். "மூணு நாளா அவன்கிட்ட ஒங்களப் பத்தித்தான் பேச்சு. 'எங்க வீட்டுப் பய வருவான்டா, தவசின்னு பேரு, கறுப்புச் சட்ட போட்டிருப்பான்டா'ன்னு. நீங்க கமாண்டோல சேந்த அன்னைக்கு ஒங்க போட்டோவ அத்தைகிட்ட நான் கேட்டு வாங்கினேன்னுதான நெனச்சீங்க? வாங்கிட்டு வரச் சொன்னதே அப்பாதான். கடைக் கல்லாவுக்குள்ள இருக்கு."

கையில் இருந்த மூட்டையைக் கீழே வைத்தேன்.

எனக்கு அழுகை வந்தது. பனியால் என்று எழுதலாம், ஆனால் வெயில் அடித்தது.

பஸ்ஸைச் சுற்றி முன்பக்கம் போனேன். மாமா படியில் ஒரு கால் வைத்து ஏறப்போனார். கும்பலில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிஷ்ட், மேஜர் உள்பட. போனேன், நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தேன். நீலச் சட்டை தோளில் டர்ரென்று கிழிந்தது.

"என்னடா மருமகனே, எந்திரிடா," என்றார் மாமா. "அதான் நேத்தே விழுந்துட்டியேடா. எத்தன தடவ விழுவ?"

"நேத்து இழுத்தேன் மாமா. இன்னைக்குத்தான் விழுறேன்."

அவர் கை என் தலைக்கு வந்தது. வந்து, அங்கேயே இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். மறுபடியும் அடித்தார். மாமா கையை எடுக்கவில்லை.